கடல் கடந்தோரின் கைபேசி இணையம்: செலவும் வழிகளும் கொள்கையும்

வெளிநாடு செல்வோர் கட்டுப்படியாகும் செலவில் கைபேசி இணையத்தைப் பெறுவது எவ்வாறு என்னும் கேள்வி, ஒரு தலைமுறைக்கு முன் பெருநகர வணிகருக்கும் உயர் அலுவலருக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இன்று அது சிற்றூர்களுக்கும் உரிய கேள்வியாகிவிட்டது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலுள்ள பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து அமைந்த திருப்புட்குழி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலாலும், சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த தலம் என்னும் நம்பிக்கையாலும், இராமாநுசர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட இடம் என்னும் மரபாலும் பெயர்பெற்ற இவ்வூர், பட்டு நெசவுக்குப் பெயர்போன காஞ்சிபுரம் வட்டாரத்தையும் தொழிற்சாலைகள் பெருகிய திருப்பெரும்புதூர் வட்டாரத்தையும் ஒருசேர அணுகக்கூடிய தொலைவில் உள்ளது.

இவ்வட்டாரத்திலிருந்து கடல் கடப்போர் ஒரே வகையினர் அல்லர். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கும் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதிக்கும் சேலைகளைக் கொண்டு செல்லும் வணிகர், வளைகுடா நாடுகளில் ஈராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்போர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளிலிருந்து கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ பயிற்சிக்கு அனுப்பப்படுவோர், பிள்ளைகளின் பேறுகாலத்துக்குத் துணையாக அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்லும் பெற்றோர், திவ்ய தேசங்களுள் இந்திய எல்லைக்கு வெளியே உள்ள சாளக்கிராமத்தைச் சேவிக்க நேபாளத்தின் முக்திநாத்துக்குச் செல்லும் அடியார்கள் எனப் பலரும் இதில் அடங்குவர். இவர்களின் பயணக் காலமும் தேவையும் வருவாயும் வெவ்வேறாக இருப்பதால், எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடையைத் தேடுவது பயன் தராது. ஆயினும் எல்லாருக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. வெளிநாட்டில் கைபேசி இணையத்துக்கு ஆகும் செலவைத் தீர்மானிப்பது நாடுகளுக்கிடையிலான தொலைவைக் காட்டிலும் நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தமே. அந்த ஒப்பந்தத்தின் இயல்பை அறிந்த பயணி செலவைக் குறைத்துக்கொள்ள இயலும், அரசு முனைந்தால் ஒப்பந்தத்தையே மாற்றவும் இயலும். இக்கட்டுரை அவ்வுண்மையை வரலாறு, தொழில்நுட்பம், சட்டம், கொள்கை ஆகிய நான்கு நிலைகளில் ஆராய்கிறது.

கம்பித் தந்தியிலிருந்து கைபேசி வரை

தமிழகத்துக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடையே செய்தி மின்வேகத்தில் செல்லத் தொடங்கியது 1870–71 காலத்தில், சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டபோதுதான். தந்திக்குச் சொல்லெண்ணிக்கையைக் கொண்டே கட்டணம் விதிக்கப்பட்டதால், தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கூலிகளாகச் சென்ற தமிழருக்கு அது எட்டாத வசதியாகவே இருந்தது. அவர்கள் மாதக்கணக்கில் கடிதத்துக்காகக் காத்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஊர்தோறும் தோன்றிய எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. சாவடிகள் குரலை நேரடியாகக் கொண்டு சேர்த்தபோதிலும், வெளிநாட்டு அழைப்பு ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணத்தைக் கரைத்தது. வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் உரிமை பொதுத்துறை நிறுவனமான வி.எஸ்.என்.எல். ஒன்றிடமே இருந்த நிலை 2002 ஏப்ரல் 1 அன்று முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ என்னும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழைக் கம்பி இயங்கத் தொடங்கியது. கடலின் அகலம் மாறவில்லை. உரிமமும் கொள்திறனும் மாறியதால் அழைப்புக் கட்டணம் சரிந்தது.

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை அதற்கடுத்த மாதம் 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். தொடங்கியது. இவ்விரண்டும் ஒன்றிக் கைபேசியிலேயே விரைவான இணையம் மலிந்தது 2016 செப்டம்பரில் ஜியோ சேவைக்கு வந்த பின்னரே. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கின்படி, 2014-இல் ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சராசரியாகச் சுமார் 269 ரூபாயாக இருந்த விலை 2018-இல் 12 ரூபாய் அளவுக்குக் குறைந்தது. இதனால், காணொளி அழைப்பும் திரைப்படமும் கோயில் நேரலையும் செலவைப் பற்றிய எண்ணமே இன்றிப் பயன்படுத்தப்படும் பழக்கம் தமிழகத்தில் வேரூன்றியது. வெளிநாடு செல்லும்போது இப்பழக்கமே பயணியைத் துன்பத்தில் ஆழ்த்துகிறது. உள்ளூரில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி எனத் தாராளமாகச் செலவழித்த கைபேசி, எல்லை தாண்டியபின் எம்பி கணக்கில் விலை கொடுக்கப்படும் நிலையிலும் அதே வேகத்தில் டேட்டாவை உறிஞ்சும்.

ரோமிங் இயங்கும் முறை

ஒரு நாட்டின் சிம் அட்டையை வைத்துக்கொண்டு வேறொரு நாட்டின் வலையமைப்பில் இயங்குவதையே ரோமிங் என்பர். சிம் அட்டையில் பதிந்துள்ள சந்தாதாரர் அடையாள எண், அவர் எந்த நாட்டைச் சேர்ந்தவர், எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதை அறிவிக்கிறது. சிங்கப்பூரில் இறங்கிய கைபேசி அங்குள்ள கோபுரத்தைத் தொடர்புகொண்டதும், அந்நாட்டு நிறுவனம் இந்திய நிறுவனத்தின் பதிவேட்டை வினவி, இவர் உண்மையான வாடிக்கையாளரா, இவருக்கு ரோமிங் அனுமதி உண்டா என்பதை உறுதிசெய்த பின்னரே இணைப்பு வழங்குகிறது. இவ்வினாவும் விடையும் சில நொடிகளில் முடிந்துவிடும். இதற்கு அடிப்படையான ஜிஎஸ்எம் என்னும் பொதுத் தரத்துக்கான உடன்படிக்கை 1987-இல் கோபன்ஹேகனில் கையெழுத்தானது. அத்தரத்தின்கீழ் முதல் ரோமிங் ஒப்பந்தம் 1992-இல் பின்லாந்து, பிரிட்டன் நிறுவனங்களுக்கிடையே ஏற்பட்டது.

ரோமிங்கில் டேட்டா செல்லும் வழி பலரும் அறியாததாகும். பெரும்பாலான ஏற்பாடுகளில், வெளிநாட்டிலிருக்கும் கைபேசியின் டேட்டா முதலில் தாய்நாட்டு நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு ஒரு தனிக் குழாய் போன்ற பாதையில் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்தே பொது இணையத்துக்குள் விடப்படுகிறது. சிங்கப்பூரிலிருந்து சிங்கப்பூர் இணையதளம் ஒன்றைப் பார்க்கும் காஞ்சிபுரத்துப் பயணியின் கோரிக்கை இந்தியாவுக்கு வந்து, மீண்டும் சிங்கப்பூருக்குச் சென்று, அதே வழியில் திரும்புகிறது. அடுத்த தெருவிலுள்ளவருக்கு எழுதிய கடிதம் சென்னை தலைமை அஞ்சலகம் வழியாகச் சென்று சேர்வதைப் போன்றது இது. இதனால் வேகம் சற்றுக் குறைந்தாலும், எந்த நாட்டிலிருந்தாலும் பயனர் இந்திய இணையத்தின் வாயிலாகவே உலகைக் காண்கிறார் என்னும் விளைவும் உண்டாகிறது. இவ்விளைவு சில நாடுகளில் பயனளிப்பதைப் பின்னர்க் காணலாம்.

செலவின் வேர் இவ்விடத்திலேயே உள்ளது. வாடிக்கையாளர் பயன்படுத்திய ஒவ்வொரு எம்பிக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தாய்நாட்டு நிறுவனம் ஒரு மொத்த விலையைச் செலுத்துகிறது. அவ்விலை இரு நிறுவனங்களும் பேசி முடிவுசெய்வது. பொதுமக்களுக்கு அது வெளியிடப்படுவதில்லை. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் பயணிகள் சென்றுவந்தால் கணக்கு நேராகி, விலையைக் குறைக்க இரு தரப்புக்கும் ஊக்கம் பிறக்கும். ஒரு பக்கத்திலிருந்தே பயணிகள் மிகுதியாகச் சென்றால், அவர்களை ஏற்கும் நாட்டின் நிறுவனத்துக்கு விலையைக் குறைக்கக் காரணம் இருப்பதில்லை. கோபுரத்தை நிறுவி மின்சாரம் அளிக்கும் செலவு உள்ளூர்வாசிக்கும் விருந்தினருக்கும் ஒன்றே என்றாலும், விருந்தினரிடம் பன்மடங்கு விலை கேட்கப்படுவதற்கு இப்பேர நிலையே காரணம்.

பயணியின் முன் உள்ள வழிகள்

முதல் வழி, தாய்நாட்டு நிறுவனத்தின் ரோமிங் திட்டத்தை முன்கூட்டியே வாங்குவதாகும். ஏர்டெல், ஜியோ, வி, பி.எஸ்.என்.எல். ஆகிய நிறுவனங்கள் நாடுவாரியாகவும் நாள்வாரியாகவும் இத்தகைய திட்டங்களை வழங்குகின்றன. 2024 ஏப்ரலில் 184 நாடுகளுக்கான திட்டங்களை அறிவித்த ஏர்டெல், நாளொன்றுக்கு 133 ரூபாயிலிருந்து செலவு தொடங்குவதாகத் தெரிவித்தது. திட்டம் வாங்காமல் ரோமிங் செய்வோரிடம் விதிக்கப்படும் அடிப்படைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இவ்விலை மிகக் குறைவாகும். பழைய எண் மாறாதிருத்தல், இறங்கியவுடன் இணைப்பு கிடைத்தல், கடைதேடி அலைய வேண்டாமை, தமிழிலேயே வாடிக்கையாளர் சேவையை அழைக்க முடிதல் ஆகியன இதன் நிறைகள். ஒரு வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கும், கைபேசி அமைப்புகளை மாற்றிப் பழகாத முதியோருக்கும் இதுவே ஏற்றது. பயணக் காலம் நீளும்தோறும் இது வேகமாகச் செலவேறும் வழியாக மாறுவதே இதன் குறை.

இரண்டாம் வழி, சென்ற நாட்டிலேயே உள்ளூர் சிம் வாங்குவதாகும். சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஆகியனவும், மலேசியாவில் மேக்சிஸ், செல்காம்டிஜி, யு மொபைல் ஆகியனவும், இலங்கையில் டயலாக், மொபிடெல், ஹட்ச் ஆகியனவும், நேபாளத்தில் நேபாள் டெலிகாம், என்செல் ஆகியனவும் முன்பணச் சிம்களை விற்கின்றன. பல நாடுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனித் திட்டங்களும் உள்ளன. உள்ளூர்வாசிக்குக் கிடைக்கும் விலையை ஒட்டியே டேட்டா கிடைப்பதால், ஒரு ஜிபிக்கான செலவைப் பொறுத்தமட்டில் இவ்வழியே பெரும்பாலும் மலிவானது. ஒரு மாதத்துக்கு மேல் தங்குவோரும், உள்ளூர் எண் இன்றி வேலை நடக்காத வணிகரும், ஒப்பந்தத் தொழிலாளரும் இதையே நாடுவர். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவுசெய்தல் பெரும்பாலான நாடுகளில் கட்டாயம். விமான நிலையக் கடைகளைவிட நகரக் கடைகளில் விலை குறைவாக இருப்பதும் உண்டு. தம் பெயரில் பதிவான சிம்மை முகவருக்கோ உடன் வேலை செய்வோருக்கோ கொடுத்துவிட்டு ஊர் திரும்புதல் தவறு. அவ்வெண் மோசடிக்குப் பயன்பட்டால் விசாரணை முதலில் பதிவுப் பெயருக்கு உரியவரையே தேடிவரும்.

மூன்றாம் வழி இ-சிம். இது கைபேசியின் உட்பலகையிலேயே பொருத்தப்பட்ட சில்லு. இதில் நிறுவனத்தின் விவரங்களை இணையம் வழியாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம் என்பதால் பிளாஸ்டிக் அட்டை தேவையில்லை. பொதுமக்கள் கருவிகளுக்கான இ-சிம் தரத்தை ஜிஎஸ்எம் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு 2016-இல் வெளியிட்டது. 2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ் வரிசையில் இவ்வசதி சேர்ந்தது. 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் அட்டை செருகும் தட்டே நீக்கப்பட்டது. இவ்வளர்ச்சியை ஒட்டி, பல நாட்டு நிறுவனங்களிடம் மொத்த விலைக்கு டேட்டா வாங்கிப் பயணிகளுக்குச் சில்லறையாக விற்கும் நிறுவனங்கள் உலகெங்கும் தோன்றின. புறப்படும் முன் வீட்டிலேயே க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, இறங்கியவுடன் இயக்கலாம் என்பது இதன் பெருவசதி. இவற்றுள் பல டேட்டாவை மட்டுமே வழங்குவன. அழைப்புக்குரிய எண் அவற்றோடு வராது. மேலும் தமிழகத்தில் பரவலாகப் பயன்படும் குறைந்த விலைக் கைபேசிகள் பலவற்றில் இ-சிம் வசதி இல்லை. *#06# என்று அழுத்தும்போது ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்னும் எண்ணும் தோன்றினால் அக்கருவியில் இ-சிம் உண்டு எனப் பொதுவாக அறியலாம்.

நான்காம் வழி வைஃபை. சிங்கப்பூர் அரசு 2006-இலேயே பொது இடங்களில் இலவச வைஃபை திட்டத்தைத் தொடங்கியது; விமான நிலையங்கள், விடுதிகள், வணிக வளாகங்கள் ஆகியவற்றிலும் இவ்வசதி மிகுந்துள்ளது. ஜப்பானிலும் கொரியாவிலும் கையடக்க வைஃபை கருவியை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் விமான நிலையத்திலேயே உள்ளன. நான்கைந்து பேர் கொண்ட குடும்பமோ பயிற்சிக்குச் சென்ற குழுவோ ஒரு கருவியின் வாடகையைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆகும் செலவு குறையும். பொது வைஃபையை வரைபடம் பார்க்கவும் செய்தி அனுப்பவும் கொள்ளலாம். வங்கிச் செயலிகளைத் திறப்பதற்கு அது பாதுகாப்பான இடமன்று.

இந்தியச் சட்டத்தின் நிலை

வெளிநாட்டு நிறுவனத்தின் சிம்மை இந்தியாவுக்குள் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று தேவை. வாங்குபவரின் கடவுச்சீட்டையும் பயணச் சான்றையும் சரிபார்த்த பின்னரே விற்க வேண்டும் என்பதும், அச்சிம் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கே உரியது என்பதும் இந்நெறியின் சாரம். இச்சான்று பெறாமல் இந்தியருக்கு இ-சிம் விற்றதன் பேரில், ஏர்அலோ, ஹோலாஃப்ளை என்னும் இரு நிறுவனங்களின் செயலிகள் 2024 ஜனவரியில் ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் இந்தியக் கடைகளிலிருந்து அரசின் அறிவுறுத்தலால் நீக்கப்பட்டன. அடையாளம் சரிபார்க்கப்படாத வெளிநாட்டு எண்கள் இணைய மோசடிக்குப் பயன்படுகின்றன என்னும் கவலையே இதன் பின்னணி. அக்கவலை நியாயமானது, தென்கிழக்காசிய மோசடி முகாம்களிலிருந்து இந்தியரை ஏமாற்றிய கும்பல்களால் தமிழ்க் குடும்பங்கள் பலவும் சேமிப்பை இழந்துள்ளன. அதே வேளையில், நேர்மையான பயணிக்குக் கிடைத்த மலிவான வழியொன்று இதனால் குறுகியதும் உண்மை. ஆகவே இ-சிம் வாங்க விரும்புவோர் தடையில்லாச் சான்று பெற்ற விற்பனையாளரிடமோ, சென்ற நாட்டின் நிறுவனத்திடமோ நேரடியாக வாங்குவதே முறையாகும்.

தாய்நாட்டு எண்ணைக் காத்தல்

வெளிநாட்டில் மலிவான டேட்டாவைத் தேடும் பயணி, தம் இந்திய எண்ணைக் கைவிட்டுவிடலாகாது. வங்கிப் பரிமாற்றம், ஆதார் சரிபார்ப்பு, வரித்தாக்கல், பயணச்சீட்டு மாற்றம் என யாவற்றுக்கும் ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவெண் அவ்வெண்ணுக்கே வருகிறது. குறுஞ்செய்தி அல்லாத பிற சரிபார்ப்பு முறைகளுக்கும் இடமளிக்கும் நெறிகளை இந்திய ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்டிருந்தாலும், நடைமுறையில் ஓடிபியின் ஆட்சி இன்னும் முடிந்துவிடவில்லை. வாட்ஸ்அப் முதலிய செய்திச் செயலிகள், பதிவான சிம் கருவியில் இருந்தாலன்றி இயங்கலாகாது எனத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் பிறப்பித்த ஆணையும் இதே திசையைக் காட்டுகிறது.

யுபிஐ பணப்பரிமாற்றமும் இவ்வெண்ணோடு பிணைந்தது. சிங்கப்பூரின் பேநவ் முறையோடு யுபிஐ 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டது. இலங்கையிலும் மொரீசியசிலும் 2024 பிப்ரவரியிலும், நேபாளத்தில் அதற்கடுத்த மாதமும் யுபிஐ வழி கடைகளில் பணம் செலுத்தும் வசதி வந்தது. இவ்வசதியைப் பயன்படுத்தக் கைபேசியில் இணையம் தேவை என்பதால், மலிவான டேட்டா இப்போது பேச்சுத் துணையாக மட்டுமின்றிப் பணப்பையின் திறவுகோலாகவும் ஆகியுள்ளது. வெளிநாட்டில் நிலையாக வாழும் இந்தியர்கள் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, அமெரிக்கா உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களைக் கொண்டே தம் இந்திய வங்கிக் கணக்கை யுபிஐயில் இணைக்கலாம் என 2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அனுமதித்தது, நீண்டகாலம் வெளிநாட்டில் உழைப்போருக்குப் பெரும் ஆறுதல்.

இவற்றைக் கருதும்போது, இரட்டைச் சிம் ஏற்பாடே சிறந்ததெனத் தெரிகிறது. முதல் இடத்தில் இந்தியச் சிம்மை வைத்து, அதன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, குறுஞ்செய்தி பெறுவதற்கு மட்டும் ரோமிங் அனுமதியைத் தக்கவைத்துக்கொண்டு, இரண்டாம் இடத்தில் உள்ளூர்ச் சிம்மையோ இ-சிம்மையோ டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளலாம். வருகின்ற குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வருகின்ற அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. நீண்ட காலம் வெளிநாட்டில் இருப்போர், ரீசார்ஜ் இன்றி எண் செயலிழந்து வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடாதபடி வீட்டிலுள்ள ஒருவரிடம் அதைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும்.

நாடுகளின் தடைகளும் எல்லைகளின் பொறிகளும்

டேட்டா கையிலிருந்தும் பேச முடியாத நிலையும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே செய்தி அனுப்பலாம். குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் தடைசெய்யப்பட்டுள்ளன. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளின் வழியாகவே அங்குள்ளோர் வீட்டாருடன் பேசுகின்றனர். சவூதி அரேபியா இத்தகைய தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தியது. வளைகுடாவுக்குச் செல்பவர் அங்கு இயங்கும் செயலி எது என்பதைப் புறப்படும் முன்பே கேட்டறிந்து, வீட்டிலுள்ள பெற்றோரின் கைபேசியிலும் அதை நிறுவிப் பழக்கிவிட்டுச் செல்லுதல் நலம். சீனாவில் உள்ளூர்ச் சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்கா. அங்கு இந்தியச் சிம்மின் ரோமிங்கில் டேட்டா தாய்நாட்டு நுழைவாயில் வழியாகச் செல்வதால் அவை இயங்கும். எனவே அந்நாட்டில் விலை மிகுந்த வழியே பயன் மிகுந்த வழியாகிறது.

எல்லையோரங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. தனுஷ்கோடி போன்ற கடற்கரைகளில் இலங்கைக் கோபுரத்தின் அலை எட்டுவதால், நாட்டைவிட்டு நீங்காதவரின் கைபேசியும் வெளிநாட்டு வலையமைப்பில் ஒட்டிக்கொள்ளக்கூடும். வலையமைப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் அமைப்பை மாற்றி, இந்திய நிறுவனத்தை நிலையாகக் குறித்துவைத்தால் இது நேராது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவையில் செல்வோரும் இருகரை அலைகளுக்கும் இடைப்பட்டே பயணிக்கின்றனர். உல்லாசக் கப்பல்களிலும் சில விமானங்களிலும் செயற்கைக்கோள் வழி இயங்கும் தனி வலையமைப்பு உண்டு. அதன் கட்டணம் நிலத்து ரோமிங்கைவிடப் பன்மடங்கு மிகுதி, சாதாரண ரோமிங் திட்டத்தில் அது அடங்காதிருப்பதும் உண்டு. கப்பலிலோ விமானத்திலோ ஏறியதும் ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பு. முக்திநாத் செல்லும் அடியார்கள், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் எந்த நிறுவனத்தின் அலை எட்டுகிறது என்பதைப் போக்கராவிலேயே விசாரித்துச் சிம் வாங்க வேண்டும். மலைவழியில் விலையைக் காட்டிலும் அலையின் எட்டுகையே முதன்மையானது.

டேட்டா கரையும் விதம்

எழுத்துச் செய்திக்குச் சில கேபி போதும். குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஓர் எம்பியை ஒட்டிய அளவு ஆகலாம். காணொளி அழைப்புக்கு அதனினும் பன்மடங்கு தேவை. உயர்தரத் திரைப்படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். இவ்வேறுபாட்டை அறிந்தவருக்கு ஒரு ஜிபி பல நாள் வரும். அறியாதவருக்கு அது அரைமணிப் பொழுதில் தீரும். ஆயினும் பயணி தாமே அறிந்து செலவழிக்கும் டேட்டாவைவிட, கைபேசி தானாகவே செலவழிக்கும் டேட்டாவே பெரும்பாலும் மிகுதி. எடுத்த படங்கள் தாமாக மேகச் சேமிப்புக்கு ஏறுதல், செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளுதல், வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொளிகள் தாமாக இறங்குதல் ஆகிய மூன்றையும் வைஃபையில் மட்டும் நடக்குமாறு அமைத்துவிட்டால் செலவு வெகுவாகக் குறையும். செல்லும் நகரத்தின் வரைபடத்தையும் மொழிபெயர்ப்புச் செயலியின் மொழிக்கோப்பையும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்வது அடுத்த படி.

இந்த அமைப்புகளின் பெயர்கள் பெரும்பாலான கைபேசிகளில் ஆங்கிலத்திலேயே காணப்படுவதால், ஆங்கிலம் அறியாத தாய்மார்களும் தொழிலாளரும் அவற்றைத் தொடவே அஞ்சுகின்றனர். தமிழ் இடைமுகம் பல கருவிகளில் இருந்தும் அதைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவோர் இல்லை. ரீசார்ஜ் கடைகளும் பயண முகவர்களும் ஊர் நூலகங்களும் இப்பணியை மேற்கொண்டால், எந்தச் சலுகைத் திட்டமும் தராத நன்மையை மக்களுக்குத் தரவியலும்.

பொதுக் கொள்கை: பிற நாடுகள் காட்டிய வழி

தனிமனிதரின் விழிப்பு ஓரளவே பயன் தரும். விலையின் வேரை அரசுகளே தொட முடியும். இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தெளிவான சான்று. அங்கு 2007-இல் ரோமிங் அழைப்புக்கு விலை வரம்பு விதிக்கப்பட்டது. 2010 முதல், டேட்டாக் கட்டணம் 50 யூரோவை எட்டியதும் வாடிக்கையாளர் வேறுவிதமாகக் கோரினாலன்றி இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. 2012-இல் வாடிக்கையாளரிடம் வாங்கத்தக்க உச்ச விலை ஓர் எம்பிக்கு 70 சென்ட் என வரையறுக்கப்பட்டது. ஒரு ஜிபிக்கு அது 700 யூரோவுக்குச் சமம். 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் பயணிப்போர் நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள் உள்ளூர் விலையிலேயே ரோமிங் செய்யலாம் என்றாயிற்று; இவ்வுரிமை 2032 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று செலுத்தும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு உண்டு. 2017-இல் ஒரு ஜிபிக்கு 7.7 யூரோவாக இருந்த அவ்வரம்பு 2022-இல் 2 யூரோவாகக் குறைந்தது. 2027-இல் ஒரு யூரோவாகும். சில்லறை விலையை மட்டும் அடக்காமல் மொத்த விலையையும் அடக்கியதாலேயே இத்திட்டம் நிலைத்தது என்பது நோக்கத்தக்கது.

செல்வ நாடுகளுக்கே இது இயலும் என்று கருதுவதற்கில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளையும் ஒரே வலையமைப்பாகக் கருதும் திட்டத்தை செல்டெல் நிறுவனம் 2006-இலேயே தொடங்கியது. அதன் ஆப்பிரிக்கச் சேவைகள் பின்னர் ஜெயின் என்னும் பெயருக்கு மாறி, 2010-இல் இந்தியாவின் பார்தி ஏர்டெல்லின் கைக்கு வந்தன. 2014–15 காலத்தில் கென்யா, உகாண்டா, ருவாண்டா, தென்சூடான் ஆகியவற்றின் அரசுகளே முன்னின்று ரோமிங் கட்டணத்தைக் குறைத்தன. வளைகுடா ஒத்துழைப்பு மன்ற நாடுகள் 2016-இல் தமக்குள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டன. சிங்கப்பூரும் மலேசியாவும் 2011-இல் இருதரப்பு ஏற்பாட்டின் மூலம் அழைப்பு, குறுஞ்செய்திக் கட்டணங்களைக் குறைத்தன.

இந்தியாவில் டிராய் 2020-இல் வெளிநாட்டு ரோமிங் கட்டணத்தை ஒழுங்குபடுத்துவது குறித்துக் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டு, பயணிகள் எதிர்பாராத கட்டணத்தால் அதிர்ச்சியுறுவதை விவாதத்துக்குக் கொண்டுவந்தது. அவ்விவாதம் இருதரப்பு ஒப்பந்தங்களாகக் கனிய வேண்டும். மொத்த விலையைப் பேசும் வலிமை, மிகுந்த பயணிகளை அனுப்பும் நாட்டின் தனி நிறுவனத்துக்கு இல்லாதபோது, அந்நாட்டின் அரசுக்கே உண்டு. அமீரகத்தோடு 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் போன்றவற்றின் பேச்சுமேசையில் ரோமிங் கட்டணமும் ஒரு பொருளாக இடம்பெறுவது அரிதன்று. பசிபிக் வட்டார நாடுகளின் சிபிடிபிபி வணிக ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ரோமிங்குக்கென்றே தனி விதி உண்டு, அதில் சிங்கப்பூரும் மலேசியாவும் உறுப்பினர்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, நேபாளம், அமீரகம் ஆகிய ஐந்து நாடுகளோடு இந்தியா இத்தகைய ஏற்பாட்டை எட்டினாலே, தமிழகத்திலிருந்து செல்வோரில் பெரும்பகுதியினர் பயன்பெறுவர்.

முடிவுகள்

இவ்வாய்விலிருந்து பெறப்படுவனவற்றைத் தொகுத்துரைக்கலாம். ஒரு வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்குத் தாய்நாட்டு நிறுவனத்தின் ரோமிங் திட்டமும், அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு இந்தியச் சிம்மோடு இணைந்த உள்ளூர்ச் சிம் அல்லது முறையான இ-சிம்மும், குழுவாகச் செல்வோருக்கு வாடகை வைஃபை கருவியும் பொருத்தமானவை. சீனா போன்ற நாடுகளில் மலிவைவிடப் பயன்பாடு முதன்மை பெறும். அமீரகத்தில் செயலித் தேர்வு முதன்மை பெறும். மலைத்தலங்களில் அலையெட்டுகை முதன்மை பெறும். எந்நாட்டிலாயினும் இந்திய எண் உயிரோடிருப்பது கட்டாயம்.

இவையனைத்தும் பயணியின் கையிலுள்ளவை. அவர் கையில் இல்லாதது மொத்த விலை. ஊரில் 12 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு ஜிபி, நான்கு மணி நேர விமானப் பயணத் தொலைவில் பன்மடங்காவதற்கு இயற்கையான காரணம் ஏதுமில்லை என்பதை ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் செயலால் மெய்ப்பித்துவிட்டன. அவ்விலையை மிகுதியாகச் சுமப்பவர் பாலையில் வெயிலில் உழைத்துவிட்டு இரவில் குழந்தையின் முகத்தைக் காண விரும்பும் தொழிலாளரும், மகளின் வீட்டு முகவரியைக் கைபேசியில் தேடும் தாயுமே. அவர்களுக்கு வேண்டிய விவரத்தைத் தமிழில் எளிதாகத் தருவது நிறுவனங்களின் கடமை. மொத்த விலைக்கு வரம்பு கட்டும் ஒப்பந்தத்தைப் பிற நாடுகளோடு செய்துகொள்வது அரசின் கடமை. இரண்டாவது நிறைவேறும்வரை முதலாவதேனும் தாமதமின்றி நடந்தேற வேண்டும்.